வெயிலுகந்த பிள்ளையாரும் ஒரு கொழுக்கட்டையும்

ராமேஸ்வரம் போய் வந்த சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். பாம்பன் பாலத்தைப் பற்றியும் 22 தீர்த்தங்களைப் பற்றியும் மணிக்கணக்கில் சொல்வார்கள். "உப்பூரில் இறங்கினீர்களா?" என்று கேட்டால் மட்டும், "அது எங்கே இருக்கு?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பழைய முறைப்படி சேது யாத்திரை போகிறவர்கள் முதலில் கும்பிட வேண்டிய இடமே அதுதான். உப்பூர்ப் பிள்ளையார், பிறகு தேவிபட்டினத்து நவபாஷாணம், திருப்புல்லாணி, அப்புறம்தான் ராமேஸ்வரம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வரிசை சொல்வார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் உப்பூர். வழியெல்லாம் பனைமரம், சீமைக்கருவேல், இடையிடையே வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்கள். கிழக்கே கடல். பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் அல்லவா, பெரிய அலை கிடையாது. குளம் மாதிரி கிடக்கும். அதனால் இதைப் 'பெண் கடல்' என்கிறார்கள். பெயர் வைத்தவர் எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது!

கோயில் ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. ஸ்வாமியின் பெயர் வெயிலுகந்த விநாயகர். பெயருக்கு ஏற்றாற்போல் அவர் தலைக்கு மேலே கூரை இல்லை. வெயிலும் மழையும் நேராக அவர் மேலேயே விழுகின்றன. தட்சனுடைய யாகத்துக்குப் போனதால் ஒளி இழந்த சூரியன் இங்கே வந்து பிள்ளையாரை வழிபட்டு அதைத் திரும்பப் பெற்றான் என்பது ஒரு கதை. இலங்கைக்குக் கிளம்பிய ராமர், காரியம் தடையில்லாமல் முடிய இங்கே முதல் பூஜை செய்தார் என்பது இன்னொன்று. ஆவணியில் சதுர்த்தித் திருவிழா பத்து நாள் அமர்க்களப்படும். பிரம்மசாரி என்று நாம் நினைக்கும் பிள்ளையாருக்கு இங்கே சித்தி, புத்தி என்ற இரண்டு தேவியரோடு திருக்கல்யாணமும் உண்டு.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது என் பெரியம்மா. "இழுத்துக்கொண்டு" என்று சும்மா சொல்லவில்லை. 78 வயதில் அவள் பிடித்த பிடிவாதம் அப்படி.

பெரியம்மாவுக்குப் பிறந்த ஊர் உப்பூர் பக்கத்துக் கிராமம். மகன்கள் இருவரும் வளைகுடா நாட்டில். பெரியப்பா போன பிறகு மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளே விரும்பிச் சேர்ந்தாள். நல்ல இல்லம்தான். சுத்தம் உண்டு, இரவிலும் நர்ஸ் உண்டு, அன்பாகவும் பேசுகிறார்கள். பெயர் இங்கே வேண்டாம். ஏனென்றால் நான் சொல்லப் போகும் குறை அந்த ஒரு இல்லத்துக்கு மட்டும் உரியதில்லை.

அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நீலத் தட்டு. மற்றவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. நீலத் தட்டில் பாயசம் விழாது, வாழைப்பழம் விழாது, ராத்திரியில் சோறும் விழாது. இரண்டு சப்பாத்தியும் ஒரு கரண்டி பருப்பும்தான். தீபாவளியானாலும் பொங்கலானாலும் அதேதான். பெரியம்மாவுக்கு 22 வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. "நான் நீலத் தட்டுக்காரி" என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள்.

சோறும் சாளைக் குழம்பும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு ஆறிப்போன சப்பாத்தி எப்படி இறங்கும்? ஊசியை மட்டும் சரியாகப் போட்டுக்கொள்வாள். சப்பாத்தியைத் தாளில் சுற்றித் தலையணை அடியில் வைத்துவிடுவாள். விடிந்ததும் காக்காய்க்கு.

போன ஆனியில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் தெப்பலாக வியர்த்து, ஏதேதோ உளறியிருக்கிறாள். ஆயா, "வயசாச்சுல்ல, கனாக் கண்டிருப்பாக" என்று துடைத்துவிட்டுப் படுக்க வைக்கப் பார்த்திருக்கிறாள். அடுத்த கட்டிலில் இருப்பவர் ஒரு பழைய தலைமை ஆசிரியை. அவர்தான், "முதல்ல ரத்தத்தைக் குத்திப் பாருங்க!" என்று சத்தம் போட்டிருக்கிறார். சர்க்கரை 46. கரைத்த சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 81. அரைமணி தாமதித்திருந்தால் நினைக்கவே நடுங்குகிறது.

சர்க்கரை வியாதி என்றாலே நாம் எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் பயப்படுகிறோம். ஏறுகிற சர்க்கரை வருஷக் கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கும், உண்மைதான். ஆனால் 70-க்குக் கீழே இறங்குகிற சர்க்கரை அந்த ராத்திரியே ஆளைச் சாய்த்துவிடும். வயதானவர்களிடம் இது நடுக்கம், படபடப்பு என்று தெளிவாகத் தெரிவதில்லை. குழப்பமான பேச்சாகவோ, தடுமாறி விழுவதாகவோதான் வெளியே வரும். பக்கத்தில் இருப்பவர்கள் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடுவார்கள். மாத்திரையிலும் இந்த ஆபத்து உண்டு. கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே தன் மருந்துப் பட்டியலில் குறித்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரின் மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

மறுநாள் பெரியம்மாவைப் பார்த்த டாக்டர் தட்டைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். "சப்பாத்தியிலும் சோற்றிலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். கோதுமை என்றால் சர்க்கரை ஏறாது என்று யார் சொன்னது? இவர் சாப்பிடக் கூடியதைக் கொடுங்கள். சாப்பிடாத உணவை எண்ணி ஊசி போட்டால் இப்படித்தான் ஆகும்" என்றார். அமெரிக்க நீரிழிவு சங்கம் 2016-ல் முதியோர் இல்லங்களுக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டதாம். இனிப்பே கூடாது என்ற கெடுபிடிப் பத்தியத்தைத் தளர்த்துங்கள், வயதானவர் விரும்பிச் சாப்பிடுவது முக்கியம், சர்க்கரை இறங்காமல் பார்ப்பது அதைவிட முக்கியம் என்கிறது அது. பல வியாதிகள் உள்ள முதியவருக்கு மூன்று மாதச் சராசரி 7-க்குக் கீழே வர வேண்டும் என்று துரத்தாமல், 8 வரை இருக்கலாம் என்றும் விட்டுக் கொடுக்கிறார்கள்.

நமக்கு இது புதிய வியாதியில்லை. 1948-லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் அவர் ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். ஆக, முதியோர் இல்லம் என்று எங்கே இருந்தாலும் நீலத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கத்தான் செய்யும்.

இந்தச் சமயத்தில்தான் பெரியம்மா உப்பூர்ப் பேச்சை எடுத்தாள். "ஏத்தா, சாகுறதுக்குள்ள ஒருக்கா எங்க பிள்ளையாரைப் பாத்துப்புடணும். அங்க வச்சு ஒரு கொழுக்கட்டை திங்கணும். அம்புட்டுத்தேன்."

இல்லத்து வார்டன் அம்மாள் பதறிவிட்டார். "தரிசனம் பண்ணட்டும், கொழுக்கட்டை வேண்டாம். ஏதாவது ஆனால் நாங்கள்தானே பதில் சொல்லணும்?" அவர் பயமும் நியாயம்தான். பெரியம்மா விடவில்லை. "இருபத்திரெண்டு வருஷமா இந்தச் சனியனோட குடித்தனம் பண்றேன். எம்புட்டு திங்கலாம்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டரே பஞ்சாயத்து செய்தார். காலையில் அவள் சாப்பிடுவது நான்கு இட்லி. எலுமிச்சம்பழ அளவில் ஒரு பூரணக் கொழுக்கட்டை, மாவும் வெல்லமுமாகச் சேர்த்து, தோராயமாக இரண்டு இட்லிக்குச் சமம். அன்றைக்கு இரண்டு இட்லி, ஒரு கொழுக்கட்டை, கொஞ்சம் சுண்டல். அதற்கு மேல் கூட்டக் கூடாது. பிள்ளையாருக்கென்று பட்டினி விரதமும் கூடாது. இன்னொன்று, கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு வரிசையில் நிற்கக் கூடாது. சாப்பாடு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்று நிச்சயமான பிறகே ஊசி.

சதுர்த்திக் கூட்டம் வேண்டாமென்று ஆவணியில் கொடியேற்றத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாடகைக் காரில் கிளம்பினோம். விடியற்காலை ஐந்து மணி. என் கைப்பையில் இருந்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும். சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொட்டலம், மாரி பிஸ்கட், மருந்துச் சீட்டின் நகல், பருத்திக் காலுறை இரண்டு ஜோடி. இன்சுலினை ஒரு டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய சின்ன மண்சட்டிக்குள் வைத்திருந்தேன். ராமநாதபுரத்து வெயிலில் காரின் முன்பலகையில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தாலும் உறைந்து வீணாகும். கிராமத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைதான் கைகொடுக்கிறது.

பரமக்குடி வந்தபோது மணி ஆறரை. அரை டம்ளர் பால், இரண்டு பிஸ்கட். ராமநாதபுரம் தாண்டி வடக்கே திரும்பியதும் பெரியம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டாள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இது இன்னாருடைய அளம், அது இன்னாருடைய பனங்காடு என்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சொத்து விவரமெல்லாம் டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாவம், அவரும் உம் கொட்டினார்.

எட்டு மணிக்கெல்லாம் உப்பூர். சீக்கிரம் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளங்காலில் உணர்ச்சி மந்தமாக இருக்கும். மதிய வெயிலில் கோயில் கல்தரையில் சுற்றினால் சுட்டது தெரியாமலே கொப்புளம் கிளம்பி, அது புண்ணாகிப் பெரிய வினையாகும். வெயிலை உகந்த பிள்ளையாருக்கு வேண்டுமானால் அது சரி, நமக்கு ஆகாது. காலுறையோடு பிராகாரம் சுற்றலாமா என்று அர்ச்சகரிடம் கேட்டேன். "தாராளமா வாங்கம்மா" என்றார்.

இளவெயில் பிள்ளையாரின் தோளில் விழுந்து மெல்ல வயிற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கூரை இல்லாத சன்னிதியில் நிற்கிறபோது ஏதோ நம் வீட்டு முற்றத்தில் நிற்பது போலிருந்தது. பெரியம்மா தலையில் குட்டிக்கொண்டு, தோப்புக்கரணம் போட முடியாமல் காதை மட்டும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் ஏதோ பேசினாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். "சப்பாத்தியைப் பத்தித்தேன்" என்றாள்.

உறவு முறையில் எனக்கு மதினி ஒருத்தி பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில்தான் காலைச் சாப்பாடு. கையைக் குத்திப் பார்த்தோம், 138. ஊசி போட்டாயிற்று. டாக்டர் சொல்லியிருந்தபடி அரைமணி பொறுத்து இலை போட்டாள் மதினி.

கொழுக்கட்டையைக் கருப்பட்டியில் செய்திருந்தாள். "கருப்பட்டி சக்கரைக்காரவுகளுக்கு ஒண்ணும் செய்யாது, பயப்படாமத் தின்னுங்க" என்று இன்னும் இரண்டை வைக்க வந்தாள். பனைநாட்டில் எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கருப்பட்டியின் மணமும் ருசியும் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் பெரும்பங்கு சர்க்கரையே. வெல்லத்துக்குப் போடும் அதே கணக்கைத்தான் இதற்கும் போட வேண்டும். மதினி இன்னொரு காரியம் அழகாகச் செய்திருந்தாள். பூரணத்தில் தேங்காயும் பாசிப்பருப்பும் தூக்கலாக, கருப்பட்டி கொஞ்சமாக. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும்போதும் நாம் இப்படிச் செய்யலாம், ருசி குறையாது.

பெரியம்மா அந்த ஒரு கொழுக்கட்டையைக் கால் மணி நேரம் சாப்பிட்டாள். நுனியைக் கிள்ளி, பூரணத்தை நாக்கில் வைத்து, கண்ணை மூடி. இரண்டாவதை அவளே எடுத்து வாழையிலையில் மடித்தாள். "டீச்சரம்மாவுக்கு. அவுகளுக்குத்தேன் சக்கரை இல்லையே." அந்த ராத்திரி சத்தம் போட்டாரே, அவருக்கு. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 192. டாக்டருக்குப் போன் செய்தேன். "இவருக்கு இது போதும், ஓடவிடுங்கள்" என்றார்.

மத்தியானம் மதினி வீட்டில் ஒரு கிண்ணம் சிவப்பரிசிச் சோறு, சித்திரைக்கார். வயலில் விளைந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைத் துவட்டல், மோர். கேப்பைக் கஞ்சி காய்ச்சட்டுமா என்றுகூடக் கேட்டாள். கேப்பை நல்ல தானியம். அடையாகவோ ரொட்டியாகவோ காய்கறி, பருப்போடு அளவாகச் சாப்பிடலாம். மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறிவிடுகிறது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மதினிக்கும் சர்க்கரை உண்டு. 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாத்திரை வருகிற அளவுக்குச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் வந்தால் தேவலை.

திரும்பும் வழியில் தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை நடைபாலத்தில் நின்று கும்பிட்டோம். இறங்கிச் சுற்ற வேண்டாமென்று பெரியம்மாவே சொல்லிவிட்டாள். நேரத்தோடு மதுரை போனால்தான் ராத்திரி ஊசியும் சாப்பாடும் முறைப்படி நடக்கும். இல்லத்துக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அன்றைய அளவுகளை எழுதிய நோட்டை வார்டன் அம்மாள் இரண்டு தடவை படித்தார். சமையல்காரர்தான் முதலில் முறுக்கிக்கொண்டார். "அறுபது பேருக்கு ஆளுக்கொரு மெனுன்னா நான் எங்கே போக?" அவர் சொல்வதும் சரி. அதனால் தனிச் சமையல் எதுவும் இல்லை, பொதுச் சமையலில் இருந்தே அளவுதான் வேறு என்று டாக்டர் முடிவு செய்து கொடுத்தார். சோற்றுக்கு ஒரே அளவுக் கிண்ணம். ராத்திரிக்குச் சப்பாத்தியோ, மூன்று இட்லியோ, ஒரு கிண்ணம் சோறோ, எது வேண்டுமென்று மத்தியானமே அவரவர் சொல்லிவிட வேண்டும். பண்டிகை நாளில் இனிப்பு உண்டு, அதற்கு ஈடாக எதைக் கழிப்பது என்று நர்ஸ் குறித்து வைப்பார். சோறோ டிபனோ பாதிக்கு மேல் மீந்து தட்டு திரும்பினால், பரிமாறுகிறவர் நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி மட்டும் இருந்திருந்தால் அந்த 46 வந்திருக்காது. ஒவ்வொரு அறையிலும் மூடி போட்ட டப்பாவில் சர்க்கரை இருக்கிறது. இறங்கினால் மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

எல்லோருக்கும் இது ஒத்துவந்துவிடவில்லை. அங்கே ஒரு தாத்தாவுக்கு மூன்று மாதச் சராசரி 11. பேரன் கொண்டுவரும் ஜாங்கிரியை அலமாரியில் ஒளித்து வைக்கிறார். "எனக்கும் உரிமை உண்டு" என்கிறார். முதலில் மருந்தைச் சரிசெய்து கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாத்தா டாக்டரோடு பேசுவதில்லை. இன்னொரு பாட்டிக்கு ஞாபக மறதி. சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஆள் வேண்டும். அதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை போகும்போது சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தட்டு எப்படிப் போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஊசி எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிப் போவதைவிட அது பெரிய உபகாரம்.

உப்பூர் போக விரும்பும் சகோதரிகளுக்கு: ராமநாதபுரத்திலிருந்து தொண்டி, பட்டுக்கோட்டை மார்க்கமாகப் போகும் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. காலையிலேயே போய்விடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போனால் காலை ஆகாரத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

பெரியம்மா இப்போது ராத்திரியில் இட்லி சாப்பிடுகிறாள். வியாழக்கிழமை மீன் குழம்பும் ஒரு கிண்ணம் சோறும். காக்காய்களுக்குத்தான் நஷ்டம். போன வாரம் போனில் கூப்பிட்டாள். "ஏத்தா, கார்த்திகைக்குப் பொரி உருண்டை வருதாம்ல. ஒண்ணுக்கு எத்தனை இட்லியைக் கழிக்கணும்னு அந்த டாக்டர் தம்பிக்கிட்டக் கேட்டுச் சொல்லு."